உட்கார்ந்தால் 95, மணலில் நடந்தால் 83: நுரையீரல் தழும்பு உள்ளவர்களுக்கு நடக்கும்போது ஆக்சிஜன் இறங்குவது பற்றி

தெற்குவாடி மகன், பாம்பன்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 64 வயது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாட்டுப்படகிலும், அதன் பிறகு கரைவலையிலும் உழைத்தவர். ஓராண்டுக்கும் மேலாக வறட்டு இருமல் விடாததால் மதுரையில் சி.டி. ஸ்கேன் எடுத்தோம், இரண்டு நுரையீரல்களின் அடிப்பகுதியிலும் தழும்பு படிந்திருப்பதாகச் சொன்னார்கள். தழும்பின் வேகத்தைக் குறைக்கும் நின்டெடானிப் மாத்திரை காலையும் இரவும் சாப்பிடுகிறார்.

என் குழப்பம் இதுதான். மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் நாற்காலியில் உட்கார வைத்து விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவியை (பல்ஸ் ஆக்சிமீட்டர்) மாட்டுகிறார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் 95 அல்லது 96 சதவீதம் என்று காட்டுகிறது. "ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது" என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் கரையிலிருந்து வீட்டுக்கு மணலில் முந்நூறு மீட்டர் நடந்து வருவதற்குள் அப்பா இரண்டு இடங்களில் நின்றுவிடுகிறார். உதடு கறுத்து நீலம் பாய்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து பல்ஸ் ஆக்சிமீட்டரை இரவல் வாங்கி, வாசற்படியில் அவர் கால் வைத்ததும் மாட்டிப் பார்த்தேன். 83. இரண்டு நிமிடம் திண்ணையில் உட்கார்ந்ததும் 93. மூன்று நாட்கள் பார்த்தேன், மூன்று நாளும் ஏறத்தாழ இதே கதை. அப்பாவோ, "வயசாயிருச்சு, அவ்வளவுதான்" என்கிறார். கருவி தவறா, அல்லது மருத்துவமனை பார்க்காத ஒன்றை நாங்கள் பார்க்கிறோமா?

தொண்டி செவிலியர் (ஓய்வு)

தம்பி, இருபத்தாறு ஆண்டுகள் நெஞ்சுநோய்ப் பிரிவில் பணி செய்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் உண்மையான இறக்கம்தான். நுரையீரல் தழும்பின் தனிக்குணமே இது: ஓய்வில் ஒளிந்திருக்கும், உழைப்பில் வெளியே வரும்.

காரணத்தை நம் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். இறங்குதளத்தில் மீன் கூடைகளை ஏற்ற வரும் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். லாரி முக்கால் மணி நேரம் நிற்கும், கூடைகளை ஏற்றக் கால் மணி நேரம் போதும் என்றால் எவருக்கும் அவசரமில்லை. நுரையீரலில் ரத்தத்தின் சிவப்பணுதான் அந்த லாரி. ஓய்வாக இருக்கும்போது அது காற்றறையை ஒட்டிய நுண்குழாயில் சுமார் 0.75 வினாடி இருக்கிறது. ஆக்சிஜன் நிரம்ப 0.25 வினாடியே போதும். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் உள்ள சுவர் தழும்பினால் தடித்துப்போனால் ஏற்றுவதற்கு நேரம் கூடுதலாகத் தேவைப்படும். உட்கார்ந்திருக்கும்போது அந்த நேரம் கிடைத்துவிடுவதால் எண் 95 என்று நிற்கும். நடக்கும்போதோ இதயம் வேகமாக அடித்து ரத்தத்தைத் தள்ளுவதால், லாரி கால் மணி நேரம்கூட நிற்காமல் பாதிக் கூடைகளோடு புறப்பட்டுவிடுகிறது. இது போதாதென்று, உழைக்கும் தசைகள் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்வதால் திரும்பி வரும் லாரிகளும் வழக்கத்தைவிடக் காலியாக வருகின்றன. தழும்பு நுண்குழாய்களிலும் பலவற்றை அழித்திருப்பதால் ஏற்றும் இடங்களும் குறைந்துவிட்டன. மிச்சமிருக்கும் இடங்களிலும் காற்று போகும் பகுதி ஒன்று, ரத்தம் போகும் பகுதி வேறொன்று என்று பொருத்தமில்லாமல் கிடக்கும். தழும்பு நோயில் இந்தப் பொருத்தமின்மையின் பங்கு சிறியதல்ல. சுவர் தடிப்பதை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது பாதி விளக்கமே.

இன்னொன்றையும் கவனியுங்கள். 95-க்கும் 90-க்கும் நடுவில் இறங்குவது மெதுவாக இருக்கும். 90-க்குக் கீழே ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 60 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் குறைந்துவிடுவதால், அதன் பின் சறுக்குமரம்தான். படி ஏறும்போது நோயாளிகள் "திடீரென்று விழுந்துவிட்டது" என்று சொல்வது அதனால்தான்.

அப்பா மூச்சுமுட்டலைச் சொல்லாமல் வயதைச் சொல்வதிலும் வியப்பில்லை. மூச்சுத்திணறலை உணர்த்துவதில் கரியமில வாயுவுக்குப் பெரிய பங்கு உண்டு. அது ஆக்சிஜனைவிட ஏறத்தாழ இருபது மடங்கு எளிதாக அந்தச் சுவரைக் கடந்துவிடும் என்பதால் இந்த நோயில் நெடுங்காலம் உடலில் தேங்குவதில்லை. 84-இல் நின்றுகொண்டு "எனக்கு ஒன்றுமில்லை" என்று சிரித்தவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உச்சிப்புளி வாத்தியார்

அம்மாவின் விளக்கம் நன்று. ஆயினும் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். என் அண்ணனுக்கும் இதே நோய். அவர் சீமைக் கருவேலங்கரி மூட்டம் போட்டுப் பிழைத்தவர். புகைதான் காரணமா என்று எவரும் உறுதியாகச் சொல்லவில்லை. மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு விரல் கருவியை அனுப்பிவைத்தான். அன்றிலிருந்து அண்ணன் அதைக் கழற்றவே இல்லை. கொல்லைக்குப் போனால் ஒருமுறை, குளித்தால் ஒருமுறை, தொலைக்காட்சியில் விளம்பரம் வந்தால் ஒருமுறை. 88 என்று ஒருநாள் கண்டவர் மறுநாளிலிருந்து நடப்பதை நிறுத்திக்கொண்டார். ஆறு மாதத்தில் தொடைத் தசை கரைந்து, முன்பு ஊருணி வரை நடந்தவருக்கு இப்போது வாசலே தூரமாகிவிட்டது. எண்ணைப் பார்த்ததால் வந்த நோய் இது.

அத்துடன், கடற்காற்றில் ஆக்சிஜன் கூடுதல் என்று நம் பெரியவர்கள் சொல்வது பொய்யா? கரையில் நடக்கட்டும், கருவியைப் பெட்டியில் பூட்டுங்கள் என்பதே என் கருத்து.

தொண்டி செவிலியர் (ஓய்வு)

வாத்தியார் ஐயா சொன்ன முதல் பகுதியோடு எனக்குச் சண்டையில்லை. நடப்பதை நிறுத்துவது இந்த நோயில் பெருந்தீங்கு. தளர்ந்த தசை அதே வேலைக்குக் கூடுதல் ஆக்சிஜன் கேட்கும். அதனால் இன்னும் சீக்கிரம் எண் இறங்கும். உங்கள் அண்ணன் நடந்துகொண்டே இருந்திருக்க வேண்டும், ஆனால் எந்த வேகத்தில், எந்த உதவியோடு என்பதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்திருக்க வேண்டும். குற்றம் கருவியின் மேல் இல்லை, கருவியோடு தனியே விடப்பட்டதுதான் குற்றம்.

கடற்காற்றைப் பொறுத்தவரை, காற்றில் ஆக்சிஜனின் பங்கு இராமேசுவரத்திலும் கொடைக்கானலிலும் ஒரே 21 சதவீதம்தான். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் மிகுதி என்பதால் நம் கரைக்கு ஒரு சலுகை உண்டு என்பது உண்மை. ஆனால் மணல் அந்தச் சலுகையைப் பிடுங்கிக்கொள்கிறது. உலர்ந்த மணலில் நடக்கக் கெட்டித் தரையில் நடப்பதைப்போல் இரு மடங்குக்கும் மேல் ஆற்றல் செலவாகும். தம்பியின் அப்பா நடக்கும் முந்நூறு மீட்டரைத் தார்ச்சாலையில் அறுநூறு மீட்டருக்கும் மேல் என்று எண்ணிக்கொள்ளுங்கள்; கையில் மீன் கூடையும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இனிக் கருவி. அது 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி, நாடித் துடிப்போடு மாறும் பங்கை மட்டும் பிரித்துக் கணக்கிடுகிறது. 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி கண்டுபிடித்த வழி இது. துடிப்பை நம்பி வேலை செய்வதால், கை ஆடினாலும், விரல் குளிர்ந்திருந்தாலும், நகத்தில் அடர்ந்த பூச்சு இருந்தாலும் தடுமாறும். எனவே கருவி காட்டும் நாடி எண்ணும் மணிக்கட்டில் நீங்கள் எண்ணும் நாடியும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அந்த ஆக்சிஜன் எண்ணுக்கு மதிப்பில்லை. கயிறு இழுத்துக் காய்த்துப்போன விரலில் தடுமாறினால் வேறு விரலில் போடுங்கள். விரலுக்கு ரத்தம் வந்து சேர நேரமாகும் என்பதால், நின்ற பிறகும் அரை நிமிடம் வரை எண் இறங்கக்கூடும். உங்கள் 83-தான் அன்றைய அடிமட்டம் என்று சொல்லிவிட முடியாது. கருத்த தோலில் இந்தக் கருவிகள் உண்மையைவிட ஓரிரு புள்ளிகள் கூட்டிக் காட்டும் போக்கு உண்டு என்பதும் 2020-க்குப் பிறகு பரவலாகப் பேசப்படுகிறது. வெயிலில் நின்றே வாழ்ந்த நம் மீனவர்களுக்கு இது சிறிய செய்தியல்ல.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அடுத்த முறை மருத்துவரிடம், "ஆறு நிமிட நடைச் சோதனை செய்து பார்க்க வேண்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். 30 மீட்டர் சமதளமான நடைக்கூடம், இரு முனையிலும் அடையாளக் கூம்பு, விரலில் கருவி, கையில் கடிகாரம், இவ்வளவே தேவை. நோயாளி தன் வேகத்தில் நடப்பார், வேண்டுமானால் நிற்பார், கடிகாரம் மட்டும் நிற்காது. நடந்த தூரம், இறங்கிய எண், திரும்பி ஏற எடுத்த நேரம் ஆகிய மூன்றும் எழுதப்படும். 88 அல்லது அதற்குக் கீழே இறங்குவதை நெஞ்சுநோய் மருத்துவர்கள் நோயின் கடுமைக்கான அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். 80-க்குக் கீழே போனால் சோதனையை நிறுத்திவிடுவது வழக்கம். ஆகவே இதைக் கடற்கரையில் நீங்களே நடத்திப் பார்க்க வேண்டாம். (இராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிராகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம், நிழலும் சமதளமும் கொண்ட இத்தனை நீள நடைக்கூடம் எங்கள் வார்டுக்கு இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்ததுண்டு.)

கீழக்கரை காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும். என் உம்மாவுக்கும் தழும்புதான், ஆனால் வகை வேறு. எங்கள் மாடியில் மூன்று தலைமுறையாகப் புறாக்கூண்டு இருந்தது. அதன் எச்சத்தூளுக்கு எதிராக நுரையீரல் கிளர்ந்து தழும்பாகிவிட்டது என்றார்கள். இந்தியாவில் 27 மையங்களில் 1,084 நோயாளிகளைப் பதிவு செய்து 2017-இல் வெளியிட்ட தொகுப்பில், இத்தகைய ஒவ்வாமை வகையே 47 சதவீதம் என்று மருத்துவர் சொன்னபோதுதான் இது அரிய நோயல்ல என்று புரிந்தது. காரணமறியாத தழும்பு அதில் 14 சதவீதம் அளவே. ஆகவே தம்பி, வாப்பாவின் வீட்டில் புறா, ஈரப்பூஞ்சை, ஏர்கூலர் ஏதேனும் உண்டா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். முடக்குவாதம் போன்ற நோய்களுக்கும், சில மாத்திரைகளுக்கும்கூடத் தொடர்பு உண்டு என்று கேட்கிறார்கள்.

நான் எழுத வந்தது ஆக்சிஜன் கருவி வாங்கி ஏமாந்த கதை. உம்மாவுக்கு நடக்கும்போது நிமிடத்துக்கு 3 லிட்டர் ஆக்சிஜன் வேண்டும் என்று சீட்டில் எழுதினார்கள். நான் இணையத்தில் பார்த்து, "1 முதல் 7 லிட்டர்" என்று விளம்பரம் செய்த, கைக்கடக்கமான ஒரு கான்சன்ட்ரேட்டரை வாங்கிவிட்டேன். திருகை 3-இல் வைத்தும் உம்மாவின் எண் ஏறவே இல்லை. நெஞ்சுநோய்ப் பிரிவில் அளந்து பார்த்த பிறகுதான் விளங்கியது: அந்த இயந்திரம் 1 லிட்டரில் மட்டும் 90 சதவீதத்தை ஒட்டிய ஆக்சிஜனைத் தருகிறது, திருகைக் கூட்டக் கூட்டத் தூய்மை இறங்கி, கடைசியில் 30 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. அதாவது வெறுங்காற்றைவிடச் சற்றே மேல். விற்றவர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். கான்சன்ட்ரேட்டர் என்பது சியோலைட் மணிகளில் நைட்ரஜனைப் பிடித்துவைத்து ஆக்சிஜனை மட்டும் விடும் பெட்டி. நல்ல 5 லிட்டர் இயந்திரம் முழுத் திருகிலும் 90 சதவீதத்தை ஒட்டியே தர வேண்டும். விலையைக் கேட்பதற்கு முன் "எத்தனை லிட்டரில் எத்தனை சதவீதம்" என்று கேளுங்கள்.

அதுவும் மின்சாரம் இருக்கும் வரைதான். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை இறங்கும்போது எங்கள் தெருவில் மின்சாரம் எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. 300 வாட்டுக்கு மேல் இழுக்கும் இயந்திரத்தைச் சாதாரண இன்வெர்ட்டர் நெடுநேரம் தாங்காது. அதனால் 1.5 கன மீட்டர் கொள்ளும் பி வகை சிலிண்டர் ஒன்றை எப்போதும் நிரப்பி வைத்திருக்கிறோம். 1,500 லிட்டரை நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று விட்டால் 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். இந்தக் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன், ஏனென்றால் இருட்டில் பதற்றத்தில் எனக்கு வகுத்தல் வராது.

உச்சிப்புளி வாத்தியார்

நான் அஞ்சுவதும் இதைத்தான். ஒருமுறை குழாயை மூக்கில் மாட்டிவிட்டால் உடல் அதற்குப் பழகிவிடாதா? பிறகு அது இல்லாமல் மூச்சே விட முடியாது என்று ஆகிவிடாதா? நடக்கும்போது மட்டும் என்று தொடங்கி, தூங்கும்போதும் என்று முடிந்த வீடுகளை நான் அறிவேன்.

தொண்டி செவிலியர் (ஓய்வு)

ஐயா, அந்த வீடுகளில் முன்னேறியது நோய்; பழக்கம் அல்ல. ஆக்சிஜன் போதைப்பொருள் அன்று, உடல் அதைக் கேட்கக் கற்றுக்கொள்வதில்லை. தழும்பு கூடக் கூட முதலில் ஓட்டத்தில் இறங்கியது பிறகு நடையிலும், பிறகு குளியலிலும், கடைசியில் படுக்கையிலும் இறங்குகிறது.

ஆனால் ஆக்சிஜனுக்கு இல்லாத பெருமையை நான் ஏற்றிச் சொல்ல மாட்டேன். 1980-ஐ ஒட்டி அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த இரண்டு ஆய்வுகளில், ஓய்விலேயே ஆக்சிஜன் மிகவும் குறைந்தவர்களுக்கு நாளின் பெரும்பகுதி ஆக்சிஜன் கொடுத்தால் ஆயுள் நீள்கிறது என்று கண்டார்கள். அவர்கள் தழும்பு நோயாளிகள் அல்லர். புகைப்பவர்களுக்கு வரும் மூச்சடைப்பு நோய் உடையவர்கள். தழும்பு உள்ளவர்களுக்கு நடக்கும்போது கொடுக்கும் ஆக்சிஜன் ஆயுளைக் கூட்டும் என்று நிறுவப்படவில்லை. 2018-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், ஓய்வில் சரியாக இருந்து நடையில் 88-க்கோ அதற்குக் கீழேயோ இறங்கும் 84 பேர் இரண்டு வாரம் ஆக்சிஜனோடும் இரண்டு வாரம் அது இல்லாமலும் தங்கள் அன்றாட வேலைகளைச் செய்தார்கள். ஆக்சிஜன் இருந்த வாரங்களில் மூச்சுத்திணறல் குறைந்தது, வாழ்க்கைத் தரம் கூடியது. கடைத்தெருவுக்கு நடந்து போய்வர முடிந்த ஒரு மனிதருக்கு அது சிறிய லாபமா என்பதை நீங்களே சொல்லுங்கள். உங்கள் அண்ணனை மீண்டும் நடக்க வைக்க வேறு நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

பயிற்சி மருத்துவர், ராமநாதபுரம்

அக்கா சொன்னவற்றோடு சில மட்டும் சேர்க்கிறேன். ஓய்வில் 95 ஆக இருந்தும் நடையில் இவ்வளவு இறங்குபவருக்கு எக்கோ (இதய ஸ்கேன்) பரிசோதனை அவசியம். நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கலாம். ஹீமோகுளோபினையும் பாருங்கள், ஏனென்றால் ரத்தசோகை இருந்தால் 95 என்ற எண்ணே ஏமாற்று: ஒவ்வொரு லாரியும் நிறைந்திருக்கும், ஆனால் லாரிகளே குறைவாக இருக்கும். ஆக்சிஜன் அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். நடக்கவைத்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும். நின்டெடானிப் வயிற்றுப்போக்கைத் தரும், கல்லீரல் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. பின்னால் பிர்பெனிடோனுக்கு மாற்றினால், அது வெயில் பட்ட தோலைச் சிவக்கவைக்கும் என்பதைக் கடற்கரைக்காரர் என்ற முறையில் நினைவில் வையுங்கள். இரண்டு மருந்துகளும் தழும்பின் வேகத்தைக் குறைக்குமே தவிர, விழுந்த தழும்பை அழிக்காது.

கோடையில் கொடைக்கானல் போகும் எண்ணம் இருந்தால் முன்பே கேளுங்கள். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், உள்ளிழுக்கும் காற்றின் ஆக்சிஜன் அழுத்தம் நம் கரையில் உள்ள 150-லிருந்து 115 மில்லிமீட்டரை ஒட்டி இறங்கிவிடும். இங்கே உட்கார்ந்து 95 காட்டுபவர் அங்கே உட்கார்ந்தே 80-களுக்குப் போகலாம். சில நாட்களுக்குள் ஓய்வு எண்ணே 90-க்குக் கீழே போய்த் திரும்ப ஏறாவிட்டாலோ, காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்குதல், நெஞ்சுவலி ஆகியவை சேர்ந்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

தெற்குவாடி மகன், பாம்பன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள்க. கேட்டதும் சோதனை செய்தார்கள்; கேட்காமல் இருந்தது எங்கள் பிழையா, சொல்லாமல் இருந்தது அவர்கள் பிழையா என்று இனி ஆராய்ந்து பயனில்லை. வெறுங்காற்றில் அப்பா 290 மீட்டர் நடந்தார். 95-லிருந்து 81-க்கு இறங்கியது. அரை மணி ஓய்வுக்குப் பின் 3 லிட்டர் ஆக்சிஜனோடு 345 மீட்டர் நடந்தார். 89-க்குக் கீழே போகவில்லை. எக்கோவில் அழுத்தம் சற்றுக் கூடுதல், மீண்டும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் கால்களுக்கான பயிற்சியும், இரண்டு நிமிடம் நடந்து ஒரு நிமிடம் நிற்கும் நடையும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு 2 லிட்டர் கொள்ளளவுள்ள சிறிய அலுமினிய சிலிண்டர் வாங்கினோம். 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 300 லிட்டர், 3 லிட்டர் வீதம் நூறு நிமிடம். எழுபத்தைந்தாவது நிமிடத்தில் திரும்பிவிட வேண்டும் என்று காக்காவைப் பார்த்து நானும் சுவரில் எழுதிவிட்டேன். அதோடு வந்த தள்ளுவண்டியின் சக்கரம் மணலில் புதைந்துவிடுகிறது. அப்பா ஒரே இரவில் பழைய நைலான் வலையை வெட்டி, முதுகில் மாட்டிக்கொள்ளும்படி ஒரு பை பின்னிவிட்டார். கரைவலை இழுப்பதற்குப் போகவில்லை, கரையில் உட்கார்ந்து வலைக் கிழிசலைப் பொத்துகிறார். சம்மாட்டி (படகு முதலாளி) கேலி செய்ததற்கு, "நீ மீனுக்குப் போடுற வலையில நான் காத்தப் பிடிச்சு வச்சிருக்கேன்" என்றாராம்.

ஒரு கேள்வி மட்டும். உப்புக்காற்றில் சிலிண்டரின் திருகு இறுகுகிறது. படகு எஞ்சினுக்குச் செய்வதுபோல் ஒரு சொட்டு எண்ணெய் விடலாமா என்று அப்பா கேட்கிறார்.

தொண்டி செவிலியர் (ஓய்வு)

தம்பி, எண்ணெய் ஒரு சொட்டும் கூடாது, தேங்காய் எண்ணெயும் கூடாது, கிரீசும் கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால் நெருப்பே இல்லாமல் தீப்பற்றிவிடலாம். டீசல் பட்ட கையாலும் திருகைத் தொடக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துவிட்டுத் தொடச் சொல்லுங்கள். கரையிலிருந்து வந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, விறகடுப்பு எரியாத அறையில் வையுங்கள். பீடி பிடிப்பவர்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வலை பொத்த வேண்டாம். திருகு அப்படியும் இறுகினால் நிரப்பும் இடத்தில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

தெற்குவாடி மகன், பாம்பன்

நல்லவேளை கேட்டேன். எண்ணெய்க் குப்பியை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார். எடுத்துப் போய்ப் படகில் வைத்துவிட்டேன்.

உச்சிப்புளி வாத்தியார்

அண்ணனுக்கு வரும் வியாழன் அன்று நடைச் சோதனை. தள்ளுநாற்காலியில்தான் மருத்துவமனைக்குள் போக வேண்டியிருக்கும். ஒரு நிமிடம் உட்கார்ந்து எழும் சோதனை ஒன்று இருக்கிறது, நடக்க முடியாவிட்டால் அதைச் செய்யலாம் என்று தொலைபேசியில் சொன்னார்கள். அண்ணனிடமிருந்து வாங்கிப் பூட்டிய விரல் கருவி இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது. வியாழன் அன்று அதையும் எடுத்துப் போய், அவர்களுடைய கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அண்ணன் கையில் கொடுப்பேன்.